காய்ச்சல் கட்டம்

எண்களில் எட்டு எழுதத்தான் எனக்குப் பிடிக்கும். ஒரே இழுப்பில் முடிந்துவிடும். பகலில் கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு, மாலை வகுப்பில் உட்கார்ந்து நாற்பத்தாறு வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, புருவம்கூட மிஞ்சவில்லை. உடம்பின் காவல்படையே மயிர்க்காலை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரை அந்தப் படையைக் கட்டிப்போடும். குறைவாகக் கட்டினால் முடி வராது. அதிகமாகக் கட்டினால் சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். நடு அளவைக் கம்ப்யூட்டரில் ஒரு கணக்குச் சொல்லும்.

“நீங்க தாள்ல எழுதறத வெச்சுத்தான் அது அளவு சொல்லும். அதுக்கு உங்க பொண்ணத் தெரியாது,” என்றார்.

தாளில் இரண்டு கட்டங்கள். தலையில் மையால் போட்ட வட்டத்துக்குள் எத்தனை முடி, உடம்பில் எவ்வளவு காய்ச்சல். வாரந்தோறும் நான்தான் தாளைக் கொடுத்து மாத்திரை வாங்கி வருவேன்.

மூன்றாம் மாதம் வட்டத்துக்குள் முப்பத்தொரு முடி. அந்த வாரம் காய்ச்சல் நூறைத் தாண்டியது. உள்ளபடி எழுதினேன். மாத்திரை பாதியானது. சில வாரங்களில் பதினொரு முடிதான் நின்றது. கணக்கு எனக்குப் பிடிபட்டுவிட்டது. அதன்பின் காய்ச்சல் கட்டத்தில் தொண்ணூற்றெட்டு மட்டுமே எழுதினேன். நூற்றிரண்டு இருந்த நாளிலும் அதுதான். மாதங்கள் போகப் போக முடி நன்றாக வந்தது.

“மூச்சு வாங்குதுப்பா. நிறுத்திடலாம். எனக்கு முடியே வேணாம். சீப்பு தேடுற வேலையாவது மிச்சம்,” என்று சிரித்தாள். மொட்டைத் தலையில் துணிகூடக் கட்டாமல் கடைவேலைக்குப் போய்வந்தவள்.

கிடங்கில் கூட்டாளிகள்தான், “அண்ணே, உங்க பொண்ணு தலையில முகம் பாத்துத்தான் இன்னிக்குக் கிராப்பு சீவினேன்,” என்பார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“இன்னும் நாலு வாரம்மா. பின்னல் போடற அளவு வந்துடட்டும்.”

என் பேச்சைத் தட்டமாட்டாள். விழுங்கினாள். மூன்றாவது வாரம் கிருமி நுரையீரலில் இறங்கி மூச்சு நின்றுபோனது.

கணக்கில் பிழை என்று டாக்டரம்மாவை நீங்கள் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன், ஐயா. அவர் கணக்கு சரி. பொய் எழுதியது நான்.

இறுதிச் சடங்குக்குக் கூட்டாளிகள் எல்லாரும் வந்தார்கள். நான் துணியை விலக்கி, முடி வளர்ந்த அவள் தலையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன், ஐயா.