கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றியவர்

ராத்திரி பத்து மணி தாண்டியிருக்கும். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற சாலை. விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு எரியாது. அந்த நேரத்தில் ஒரு ஆள்... கையில் தண்ணீர்க் குடத்தோடு தனியாக நடந்து போகிறார்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் கண்ணால் பார்த்ததில்லை. என் கூட்டாளி சொன்னது. தச்சு வேலை செய்பவன். வாயைத் திறந்தால் மூடமாட்டான், அதனால் அவனை ரம்பம் என்றுதான் கூப்பிடுவோம். அவன் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நான் நம்புவேன். தள்ளியது போக மிச்சத்தைத்தான் சொல்கிறேன். யாரப்பா அது, கதவை ஒருக்களித்து வைத்தது? சாத்து. குறுக்கே பேசினால் எழுந்து படுக்கப் போய்விடுவேன்.

குடத்தோடு போனவர் ரம்பத்தின் தங்கை புருஷன். கொத்தனார். ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிற வயது. காய்ச்சலில் போய்விட்டாள். எத்தனை மருந்து... எத்தனை ஜெபம்... ஒன்றும் கேட்கவில்லை.

பெற்றவள் அடக்கம் செய்ய விடவில்லை. பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, ஜன்னலைத் திறந்துவைத்து, முழங்காலில் நின்றுவிட்டாள்.

"கர்த்தர் எழுப்புவாரு. அவரோட நேரம் வரணும், அவ்வளவுதான்."

போதகரே வந்து சொல்லிப் பார்த்தார். "அம்மா, அவர் நேரம் எப்பன்னு எனக்கும் தெரியாது. ஆனா உடம்பு தாங்காதும்மா."

நியாயமான மனுஷன். பூசி மெழுகவில்லை. அறையில் வாடை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டு ஜன்னலை அடைத்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு ராத்திரிங்க," என்று புருஷன் காலைப் பிடித்தாள்.

கொத்தனார் கொடுக்கவில்லை. ரம்பம் பெட்டி செய்தான். வேறு ஆளைத் தொடவிடாமல் கொத்தனாரே செங்கல் கட்டி, மேலே பலகைக் கல் போட்டு, சிமெண்ட் பூசி மூடினார். பூச்சுக் கரண்டியைக் கழுவும்போது அவள் பக்கத்தில் வந்து சொன்னாளாம்: "அவர் வர்ற நேரத்துக்கு வழி இல்லாமப் பண்ணிட்டீங்க."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை.

சிமெண்ட் பூசினால் சும்மா விடக்கூடாது. நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். வேலை பழகின கை, மகள் கல்லறை என்றால் விடுமா? பகலெல்லாம் யார் வீட்டுச் சுவரையோ பூசிவிட்டு, ராத்திரி குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். காய்ந்த பூச்சு தண்ணீரைக் குடிக்கும்... 'ஸ்ஸ்ஸ்' என்று. அதைக் கேட்டுவிட்டுத் திரும்புவார். மகளுக்குச் செய்ய வேறு என்ன இருக்கிறது?

ஒரு ராத்திரி ஊற்றினார். 'ஸ்ஸ்ஸ்'... சட்டென்று நின்றது. காற்றில்லை. காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாடை... பிள்ளை வாயில் அடிக்குமே, அதே வாடை. குடத்தைக் கீழே வைத்தார்.

அடியிலிருந்து, தூக்கத்தில் பேசுகிற மாதிரி:

"அப்பா... தண்ணி ஊத்தாதீங்கப்பா. நெஞ்சு மேல சொட்டுது."

ரம்பம் இதைச் சொல்லும்போது நான் சிரித்தேன். "உன் மச்சான் அன்னைக்கு எத்தனை கிளாஸ்டா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவன் வாய் மூடி இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொத்தனார் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை எழுப்பிச் சொன்னார். அலறுவாள் என்று நினைத்தார். அவள் போய் முகம் கழுவினாள். பிள்ளையின் கவுன் ஒன்றை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வேளை வந்துடுச்சு. கடப்பாரைய எடுங்க."

"பைத்தியமா உனக்கு? இத்தனை நாள் கழிச்சு..."

"அவருக்கு ஏதுங்க நாள் கணக்கு? வாங்கன்னா வாங்க."

போனார்கள். தான் பூசினதைத் தானே உடைத்தார். ரம்பம் அடித்த ஆணிகளைப் பிடுங்கி மூடியைத் தூக்கினார்.

பிள்ளை வைத்தபடியே கிடந்தாள். எழும்பவில்லை. எழும்புகிற நிலையிலும் இல்லை... அதை நான் விவரிக்க மாட்டேன், இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கொத்தனார் உள்ளே கையைவிட்டுத் தடவிப் பார்த்தார். துணி, பலகை, தலையணை... எங்கும் பொட்டு ஈரம் இல்லை.

அவள் கவுனைப் பிள்ளைமேல் போர்த்தினாள். "இன்னும் நேரம் ஆகலை," என்றாள். "மூடுங்க. இனிமே தண்ணிய நான் ஊத்திக்கிறேன்."

வீட்டில் கிடந்த சிமெண்டைக் கொண்டுவந்து, விடியுமுன் மறுபடி பூசினார்.

அன்றிலிருந்து குடம் அவள் கைக்குப் போனது. ராத்திரி போவாள், ஊற்றுவாள், ஈரப் பூச்சில் காதை வைத்துக் கிடப்பாள். ஒரு சத்தமும் வராது. திரும்பி வந்து, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று குடத்தைக் கவிழ்த்து வைப்பாள். போதகர் ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு, ஜெபம்கூடச் சொல்லாமல் எழுந்து போனார். அவளுக்கு விசுவாசம் குறையவே இல்லை. குறைந்திருந்தால் தப்பித்திருப்பாளோ என்னவோ.

ஒரு ராத்திரி அவள் திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள். குடத்தில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. கொத்தனார் உள்ளே பாயில் படுத்திருந்தார்.

"இன்னைக்குப் பேசிச்சு," என்றாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "பாப்பாவா? என்ன சொன்னா?"

"தண்ணி ஊத்தாதன்னு." குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். "பாப்பா இல்லைங்க. நான் பாப்பாவைத்தான் கேட்டேன்... வந்தது உங்க குரலு."

அவர் விளக்கைப் போட எழுந்தார்.

"கிட்ட வராதீங்க," என்றாள். "அங்க கிடக்கிறது நீங்கன்னா, இது யாரு?"

குடத்தை இறக்கினாள். கடப்பாரையை எடுத்தாள். அந்தச் சாலையில் நடந்தாள்... போனவள் போனவள்தான். விடிந்ததும் ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். கல்லறையில் ஒரு கீறல் இல்லை. அவளும் இல்லை.

ரம்பம் தங்கை வீட்டுக்கு ஓடினான். கொத்தனார் பாயில் மல்லாந்தபடியே இவ்வளவையும் அவனிடம் சொன்னாராம். சொல்லச் சொல்ல, துண்டால் நெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். ரம்பம் அண்ணாந்து பார்த்தான். கூரையில் ஓட்டை இல்லை. வெளியே நல்ல வெயில்.

அவர் துண்டைப் பிழிந்தார்.

சாம்பல் நிறத் தண்ணீர் சொட்டியது.