ஆளுக்கொரு பாட்டு

ஐயா,

கடிதம் வந்த அன்றே பதில் போட்டுவிடுவது என் பழக்கம். நடந்ததை எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்டது நேற்று மாலை. ஒரு நாள் தள்ளிப்போனதற்கு நீங்கள் கொடுத்த பேனாதான் காரணம். அது தாளைக் கிழித்ததே தவிர எழுதவில்லை. இன்று காலை காவலர் ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கொடுத்தார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நான் குடிநீர் வாரியத்தின் கடிதப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு, "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்" என்று பதில் எழுதுவது என் வேலை. தண்ணீர் போனதோ இல்லையோ, பதில் போயிருக்கும். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தேதி போடாத கடிதம் தலையில்லாத முண்டம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அதை இதுவரை மீறியதில்லை.

அதே இருபத்தாறு வருடமும் சரளை அண்ணனின் ரசிகர் மன்றச் செயலாளராகவும் இருந்தேன். உங்கள் உதவியாளர், "யாரு சார் அது, சினிமாவுல பாடுனவரா?" என்று கேட்டார். இல்லை. அவர் சினிமா பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். ராக் பாடகர். எலக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு, லாரியிலிருந்து சரளைக்கல் கொட்டுகிற மாதிரி ஒரு குரலில் பாடினார்; அதனால்தான் அந்தப் பெயர். மொத்தம் நாற்பத்தொரு பாட்டு. அரங்கம் நிரம்பி வழிந்த காலமும் இருந்தது. பிறகு பத்திரிகைக்காரர்கள் மறந்தார்கள், கடைக்காரர்கள் அவர் கேசட்டுகளைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். மறக்காமல் மிஞ்சியவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவர்களுக்கு மன்றம் என்றால் என் கையெழுத்துதான்.

"என் பிறந்தநாளை மறப்பீங்க, அவருக்கு டிரம் அடிச்சவரோட பிறந்தநாளை மறக்க மாட்டீங்க" என்று என் மனைவி குத்திக்காட்டுவாள். வாஸ்தவம். அது மார்ச் ஒன்பது.

அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். திங்கட்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வியாழக்கிழமையைத் தாண்டுறது கஷ்டம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். அண்ணனுக்கு மனைவி மக்கள் கிடையாது. சொல்ல வேண்டியவர்கள் என்றால் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்தான்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு வராது. செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்குப் போய், கறுப்புக் கரை போட்ட அறிவிப்பு ஒன்றை அடிக்கக் கொடுத்தேன். அதில் இருந்தது இதுதான்: அண்ணன் வியாழக்கிழமை காலமானார். அவர் விருப்பப்படி உடல் மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. அன்றிலிருந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம். உறுப்பினர்கள் ஆளுக்கொரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் பிடிக்கும் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பவும். கூட்டத்தில் பாட்டும் போடப்படும், கடிதமும் வாசிக்கப்படும். இவ்வளவுதான் வாசகம். எழுத்துப்பிழை இல்லை. உறைகளுக்கு நானே முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி வைத்தேன். வியாழக்கிழமை அவை அச்சகத்திலிருந்து தவறுதலாகத் தபாலுக்குப் போய்விட்டன.

அன்று சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "பசிக்குது."

மறுநாளே ஒரு திருத்தக் கடிதம் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உட்கார்ந்து ஏழு முறை எழுதிப் பார்த்தேன். "அண்ணன் காலமானார் என்று அறிவித்ததற்கு வருந்துகிறோம்" என்று எழுதினால், அவர் காலமாகாததற்கு வருந்துவது போல இருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு திருத்தக் கடிதம்கூட அனுப்பியதில்லை. அந்த நடை எனக்குப் பழக்கமில்லை.

அதற்குள் சனிக்கிழமையே பதில் கடிதங்களின் முதல் கட்டு வந்துவிட்டது.

ஐயா, அந்தக் கடிதங்கள் இப்போது உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. தயவுசெய்து படித்துப் பாருங்கள். பஸ் கண்டக்டர் அம்மா ஒருவர், "உப்பு ரயில்" பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்: "என் வீட்டுக்காரர் போய்ப் பதினாறாம் நாள் டியூட்டிக்கு வந்தேன். அன்னைக்குப் பூரா அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கிட்டே டிக்கெட் கிழிச்சேன். யாருக்கும் சில்லறை தப்பாக் கொடுக்கலை." ஒரு சிறைக் காவலர், "மூன்றாம் மாடி மழை"யின் இரண்டாம் சரணத்தை உள்ளேயிருந்த ஒரு கைதியும் வெளியே நின்ற தானும் ஒரே நேரத்தில் பாடியதையும், அதைப் பற்றி இருவரும் கடைசிவரை பேசிக்கொள்ளாததையும் எழுதியிருக்கிறார். ஒரு பல் டாக்டர், அந்தப் பாட்டை விசிலடித்தால் தன் கை நடுங்காது என்கிறார், நோயாளிகள்தான் நடுங்குகிறார்களாம். மொத்தம் இருநூற்று எண்பத்தேழு கடிதங்கள். உயிரோடு இருந்த மனிதருக்கு ஒரு வருடத்தில் பத்துக் கடிதம் வந்தால் அதிகம். அதிலும் பாதி, கையெழுத்துப் போட்ட படம் கேட்டு.

இவர்களிடம் போய், உங்கள் கண்ணீரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது? மனசாட்சி உள்ள யாராலும் முடியாது.

மன்ற அலுவலகம் என்பது அண்ணன் வீட்டின் முன்னறைதான். அடுத்த வாரம் அவர் வீடு திரும்பியபோது, கூடவே வந்த நர்ஸம்மா விவரம் தெரியாமல் கடிதக் கட்டுகளை அவர் மடியில் வைத்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. கழுத்துக் குழாய் விசிலடிக்கிற அளவுக்குச் சிரித்தார். குழாயை விரலால் மூடினால் நாலு வார்த்தை வரும்.

"செத்தாத்தான் எனக்கு லெட்டர் வருமாடா?"

"அச்சகத்துல தப்பாயிடுச்சு அண்ணே."

"நல்ல தப்பு. பத்து வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கலாம்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மூடினார். "ஞாயித்துக்கிழமை நானும் வரேன். கடைசி வரிசையில உக்காந்துக்கறேன். எல்லாரும் அழுது முடிக்கட்டும். அப்புறம் மேடை ஏறி, எவன்டா என்னைச் சாகடிச்சதுன்னு கேக்கறேன்."

"அய்யோ, பாதிப் பேருக்கு அங்கேயே மூச்சு நின்னுடும்" என்றார் நர்ஸம்மா.

"நிக்கட்டும். நோட்டீஸ் அடிக்கத்தான் இவன் இருக்கானே."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த நாட்களில் அவர் சாப்பாட்டைக்கூட மறந்து அந்தக் கடிதங்களைப் படித்தார். கண்டக்டர் அம்மாவின் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பதினொரு வருடத்துக்குப் பிறகு கிடாரை எடுத்துத் துடைக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை என்னைப் பார்த்து, "எல்லாரும் எழுதியிருக்காங்க, உன் பாட்டு எதுடா?" என்று கேட்டார். எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கு அன்று அதற்கெல்லாம் நேரமில்லை. கூட்டத்துக்கான கேசட்டில் பாட்டுகளைக் கடித வரிசைப்படி பதிவுசெய்து கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மதியம் நர்ஸம்மா தன் பெண்ணின் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. "நான் இருக்கேன், போயிட்டு வாங்கம்மா" என்றேன். அண்ணனின் குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் உண்டு. சளி அடைத்தால் அதைக் கால் திருப்புத் திருப்பி உருவிக் கழுவ வேண்டும். ஒரு நிமிட வேலை. அண்ணனுக்குக் கை நடுங்குவதால் அவரால் முடியாது, எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கூப்பிடுவதற்குக் கட்டிலருகில் ஒரு சின்ன மணி.

நான் முன்னறையில் கேசட்டைப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது "உப்பு ரயில்". நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

மணி மறுபடியும் அடித்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அதற்கும் மேலே திருப்ப இடமில்லாத வரை கூட்டினேன். முப்பது வயதில் அவர் பாடிய குரல் வீடு முழுக்க நிறைந்தது. நடுவில் ஓரிடத்தில் மணியோசை தாளத்தோடு சரியாக வந்து விழுந்தது. அந்தப் பாட்டில் மணி கிடையாது; இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அடுத்த பாட்டு முடிவதற்குள் நின்றுவிட்டது. அதற்கடுத்ததையும் முழுசாகக் கேட்டுவிட்டு எழுந்து போனேன். பதிவு எல்லாம் சுத்தமாக இருந்தது.

வழக்கமாக வரும் டாக்டர் வந்து பார்த்து, எதிர்பார்த்ததுதான் என்று கையெழுத்துப் போட்டார். உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று, அறிவிப்பில் சொன்னபடியே.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நல்லபடியாக நடந்தது. இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முகம் தெரியாதவர்கள் பாட்டைச் சொல்லி ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். "நீங்கதானா அந்த மூன்றாம் மாடி?" என்று பல் டாக்டர் சிறைக் காவலரைக் கட்டிக்கொண்டார். அழுதவர்கள் யாரும் வெட்கப்பட நேரவில்லை. அதைத்தான் நான் விரும்பினேன்.

கண்டக்டர் அம்மா மறுநாள் அண்ணனின் கிடாரைப் பார்க்க வீட்டுக்கு வருவார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த நர்ஸம்மா, "போன புதன்கிழமை வரைக்கும் உங்க லெட்டரைத்தான் தலைமாட்டுல வச்சிருந்தார்" என்று சொல்லியிருக்கிறார். சில்லறை தப்பாகக் கொடுக்காத பெண்மணி. நாட்களை எண்ணிப் பார்த்து நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

மேலே ஓரிடத்தில் அச்சகத்தின் தவறு என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகும் என்பதால் இங்கே சொல்கிறேன். அச்சுக்காரரை விட்டுவிடுங்கள். அந்த உறைகளைத் தபால் நிலையத்தில் போட்டது நான். வியாழக்கிழமை காலை பத்து மணி. பதினொரு மணிக்குக் கட்டு எடுத்துவிடுவார்கள். மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைய தபால் தவறிவிடும்.

ஆம், மணி எனக்குக் கேட்டது. ஒவ்வொரு முறையும் கேட்டது. அவரைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் அறிக்கையில், மன்றச் செயலாளர் இறந்த நாளைத் தவறாக அறிவித்தார் என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை மாற்ற வேண்டும். அறிவிப்பு சரியாகத்தான் இருந்தது. அண்ணன்தான் பதிமூன்று நாள் தாமதம்.