டிராகன் தொடாத விருந்து

நமக்குன்னு என்னய்யா பெருமை இருக்குன்னு போன வாரம் ஒருத்தர் என்கிட்ட கேட்டார். சுருக்குன்னு கோவம் வந்துச்சு. அவருக்குச் சொன்ன கதையை, பந்தி போடுறதுக்குள்ள உங்களுக்கும் சொல்லிடறேன். சின்னதுதான்... சோறு ஆறாது!

டிராகனுங்க வாழ்ந்த காலம். கற்பனைதான், சண்டைக்கு வராதீங்க! நம்ம கரையிலேருந்து சாத்தையான்னு ஒரு கப்பல் தலைவர் தூது போறார். எதுக்கு? ஒரு தீவுத் துறைமுகத்துல நம்ம கப்பலுங்க நிக்க அனுமதி கேக்க. அவர் கப்பல்ல ஒரு வழக்கம், நம்ம ஊர் வீட்டு வழக்கம்தான். சோறு வடிச்சதும் கடலைப் பாத்துக் கூப்பிடுவார்: "பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? வாங்க!" அப்புறம்தான் எல்லாரும் கை வைப்பாங்க. நடுக்கடல்ல யாருய்யா வருவா? வந்துச்சே... இறக்கை கிழிஞ்ச ஒரு டிராகன்! கஞ்சி குடிச்சுது, கப்பல்லயே தங்கிடுச்சு.

தீவு ராஜா அதைப் பாத்தான். "அந்த டிராகனைக் குடு. துறைமுகத்தை எடுத்துக்கோ."

"அது சரக்கு இல்லீங்க மகாராஜா. எங்க ஆளு."

"அப்படியா?" சங்கிலி போட்டு அரண்மனையில கட்டிட்டான். டிராகன் நெருப்பு கக்கியிருக்காதா? தூது வந்த இடத்துல கக்கக் கூடாதுன்னு சாத்தையா சொல்லிட்டார். முன்னால குவியல் குவியலா கறி, மீன், பழம். தொடலையே! மெலிஞ்சு போச்சு. கண்ணு சொருகுது. சாத்தையா அரண்மனை வாசலை விட்டு நகரல. செத்துடுமோன்னு ராஜாவுக்கும் பயம். "ஏய், ஏன் திங்க மாட்டேங்குற?"

ஈனக் குரல்ல சொல்லுது... "கூப்பிடாம எப்படிச் சாப்பிடறது? எங்க கப்பல்ல பழக்கமில்ல."

கேட்டீங்களா? எங்க கப்பல்!

ராஜா சாத்தையாகிட்ட, "நீயே வந்து கூப்பிடு"ங்கிறான்.

"இது உங்க வாசல். நீங்கதான் கூப்பிடணும்... கதவைத் திறந்து வச்சு, ஊருக்கே கேக்குற மாதிரி."

வேற வழி? ராஜா வாசல்ல நின்னு முணுமுணுத்தான். "சத்தமா!"ங்கிறார் சாத்தையா. "பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? வாங்க!"

வந்துச்சய்யா கூட்டம்... கைக்குழந்தையோட தாய்மாருங்க, நடக்க முடியாத கிழவனுங்க, எல்லாம் அவன் ஊர் ஜனம்! "இத்தனை பேரா என் ஊர்ல பட்டினி?" அசந்து போயிட்டான். அவனே பரிமாறினான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு... டிராகன் சாப்பிட வாயைத் திறந்துச்சு. சங்கிலியை ராஜா தன் கையாலயே அவுத்தான். துறைமுகமும் குடுத்தான்.

இப்போ சொல்லுங்க. நம்ம ஆளு வாளை எடுத்தாரா? நெருப்பை ஏவினாரா? வீட்டு வழக்கத்தைக் கடல் தாண்டியும் விடல. அதுதான்யா நம்ம பெருமை! நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன்.

ஆனா ஒண்ணு... பேசிட்டு உக்காந்துட்டா ஆச்சா? அந்தா, பந்தி தயார். மண்டபத்துக் கேட்டுக்கு வெளிய நாலஞ்சு பேர் தயங்கி நிக்கிறாங்க. கேட்டைத் திறங்க. எங்க, எல்லாருமாச் சேர்ந்து... கூப்பிடுங்க பாப்போம்!