முசே சொன்ன சூப்பு

அகஸ்டினா: சட்டையைக் கழட்டிட்டு நின்னீங்களாமே, ஸ்டெல்லாமேரி வூட்டுல?

பிரகாசம்: யாரு சொன்னது?

அகஸ்டினா: யாரு சொன்னா இன்னா? நின்னீங்களா, இல்லியா?

பிரகாசம்: அன்னக்கிளிதானே? உப்பளத்துல கூடையைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா சுத்தறா. மீன் வித்துதோ இல்லியோ, சேதி வித்துடுச்சு.

அகஸ்டினா: அவ மேல ஏன் பாயறீங்க? கண்ணால பார்த்ததைச் சொன்னா. “அக்கா, உம்மூட்டு ரொட்டிக்காரரு நர்ஸம்மா வாசப்படியாண்ட வெத்து ஒடம்போட நிக்கறாரு”ன்னா. எனக்கு அப்படியே...

பிரகாசம்: காத்துக்கு நின்னிருப்பேன்.

அகஸ்டினா: ஏன், நம்ம நெல்லித்தோப்புல காத்து அடிக்கலியா? பொண்டாட்டி இருக்கறவன் காத்து வாங்க ஆஸ்பத்திரி நர்ஸு வூட்டுக்கா போவான்?

பிரகாசம்: சூப்பைக் குடுடி. பசிக்குது.

அகஸ்டினா: மொதல்ல பதில். ரொட்டிக் கிடங்குலேர்ந்து வந்ததும் மாவைத் தட்டிட்டு, தலையைச் சீவிக்கிட்டுக் கிளம்பறீங்க. திரும்பி வரச்சே தொப்பலா வேர்த்துப் போயி வரீங்க. எங்க போனீங்கன்னா, “சும்மா.”

பிரகாசம்: சும்மாதான்.

அகஸ்டினா: சனிக்கெழமையானா ஆஸ்பத்திரித் தராசுல ஏத்தி எறக்கறாளே, அது போதாதா அவளுக்கு? “முசே பிரகாசம், நேரா நில்லுங்க... முசே பிரகாசம், கைய ஆட்டாதீங்க...” நானும் அங்கதான் மரமாட்டம் நின்னேன். ஒக்காருங்க மதாம்னு ஒரு வார்த்தை சொன்னாளா?

பிரகாசம்: அவ தராசு முள்ளைப் பார்ப்பாளா, உன்னைப் பார்ப்பாளா?

அகஸ்டினா: உங்களைப் பார்த்தா! “கன்னமெல்லாம் வத்தி அழகா ஆயிட்டீங்க”ன்னு சொன்னா. என் எதுருலயே.

பிரகாசம்: வைத்தியத்துக்குச் சொன்னாடி.

அகஸ்டினா: ஓகோ... அழகும் வைத்தியத்துல சேர்ந்துதா?

பிரகாசம்: அகஸ்டினா, எனக்கே அடிவயித்துல குடல் எறங்கி நிக்குது. இதுல நீ வேற நெருப்பைக் கொட்டாத. சோறு இல்ல. உப்பு இல்ல. நாள் பூரா ரொட்டி வாசனைல நிக்கறேன், ஒரு விள்ளல் வாயில போட்டதில்ல. காலைல கோதுமைக் கஞ்சி, மத்தியானம் அவிச்ச மீனு, ராவுக்குக் காய் சூப்பு. எதுக்கு? அழகுக்கா?

அகஸ்டினா: ...ஆப்ரேஷனுக்கு.

பிரகாசம்: ஆங். எடை எறங்கலன்னா முசே டாக்டரு கத்தியே வைக்கமாட்டாரு. கொழுப்புல தையல் நிக்காதாம். நாளைக்குத்தான் கடைசித் தராசு, ஞாபகம் இருக்கா?

அகஸ்டினா: கடைசியா? ஏன் கடைசி?

பிரகாசம்: சொல்லலியா நானு? பிரெஞ்சுக் கொடி போயி நம்ம கொடி வந்ததுலேர்ந்து ஒவ்வொரு வெள்ளக்கார முசேவா கப்பலேறிக்கிட்டிருக்காங்க. இவரும் மாசக் கடைசில பிரான்சுக்குப் போறாரு. நாளைக்கு முள்ளு எறங்கி நின்னா, போறதுக்குள்ள வைத்தியம் முடிஞ்சுடும். இல்லாட்டி மெட்ராசு... இல்லாட்டி இப்படியே, வயித்தைப் புடிச்சுக்கிட்டு.

அகஸ்டினா: இதை ஏன் முன்னாடியே...

பிரகாசம்: மொதல்ல மளமளன்னு எறங்குச்சு. ஈஸ்டருக்கு நம்ம கலியாணக் கோட்டே ஒடம்புல ஏறுச்சு. அதுக்கப்புறம் முள்ளு அடம் புடிக்குது. முசே கேக்கறாரு, “ரொட்டியைத் திருட்டுத்தனமா தின்றியா?”ன்னு.

அகஸ்டினா: நீங்க இன்னா சொன்னீங்க?

பிரகாசம்: ஒண்ணும் சொல்லல.

அகஸ்டினா: அந்தக் கோட்டு...! அதைப் போட்டுக்கிட்டு ஏன் பூசைக்கு வந்தீங்க?

பிரகாசம்: கோட்டு இன்னா பண்ணுச்சு உன்னை?

அகஸ்டினா: கோயில் வாசல்ல அந்தக் காரைக்கால்காரி என்கிட்ட இன்னா கேட்டா? “இவரு உங்க தம்பியா?”ன்னா. மறந்துட்டீங்களா?

பிரகாசம்: அவளுக்குக் கண்ணு தெரியாது.

அகஸ்டினா: நீங்க சிரிச்சீங்க.

பிரகாசம்: இல்லியே...

அகஸ்டினா: சிரிச்சீங்க! பல்லு தெரிய.

பிரகாசம்: சரி, சிரிச்சேன். சிரிச்சது தப்பு. இப்ப சூப்பைக் குடு.

அகஸ்டினா: மூணு புள்ள பெத்த ஒடம்பு இது. எந்த முசே வந்து இளைக்க வைக்கப் போறாரு என்னை? நீங்க மட்டும் நாளுக்கு நாள் மாப்பிள்ளையாட்டம் ஆயிக்கிட்டே போனா...

பிரகாசம்: கிண்ணத்தை விடுடி. ஏன் கெட்டியா புடிச்சுக்கறே?

அகஸ்டினா: வேணாம். ஆறிப்போச்சு.

பிரகாசம்: ஆவி பறக்குது!

அகஸ்டினா: வேற வைக்கறேன். ரெண்டு சொரக்காத் துண்டு போட்டு, கொஞ்ச நேரத்துல...

பிரகாசம்: இதுக்கு இன்னா?

அகஸ்டினா: இதுல... இதுல வெண்ணெ போட்டிருக்கேன்.

பிரகாசம்: இன்னிக்கா?

அகஸ்டினா: இன்னிக்கு மட்டும் இல்ல. அவ உங்களை என் தம்பியான்னு கேட்ட ஞாயித்துக்கெழமைலேர்ந்து, தெனமும் ஒரு கரண்டி. பழையபடி தொப்பையும் தொந்தியுமா ஆயிட்டா எவ திரும்பிப் பார்க்கப் போறான்னு... மாதா சாட்சியா சொல்றேன், முசே ஊருக்குப் போறது எனக்குத் தெரியாது. மெதுவா எறங்கட்டும், அவசரம் இன்னான்னுதான் நெனச்சேன்.

பிரகாசம்: ஒரு கரண்டிதானா?

அகஸ்டினா: மொதல்ல ஒண்ணு. நீங்க உப்பளத்துக்கு, அந்த நர்ஸு வூட்டுக்குப் போக ஆரம்பிச்சப்புறம்... ஆத்திரத்துல ரெண்டு.

பிரகாசம்: ம்.

அகஸ்டினா: திட்டுங்களேன்! ஏன் இப்படிப் பார்க்கறீங்க? நாளைக்கு முள்ளு எறங்கலன்னா நான் இன்னா பண்ணுவேன்? நான் வந்து முசே கால்ல வுழுந்து சொல்லட்டுமா, இவரு ரொட்டி திங்கல, எல்லாம் இந்தப் பாவி பண்ண வேலைன்னு?

பிரகாசம்: இருபது வருஷமா வெண்ணெ போட்டு மாவு பெசையறவன்டி நான். மொத நாளு கரண்டி வாய்க்கிட்ட வரச்சேயே தெரிஞ்சுபோச்சு. அதுவும் காறின வெண்ணெ! நீ எதுருல ஒக்காந்து, நான் முழுங்கறதையே ஆசையா பார்த்துக்கிட்டிருந்தே... எப்படிடி கீழ வைக்கறது? அதான் ஸ்டெல்லாமேரி புருஷன் இருக்காரே, அந்தப் பழைய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு, அவரு வூட்டுக்குப் போயி, சட்டையைக் கழட்டி, அவரு கையால, குடல் எறங்காம அடிவயித்துக்குப் பட்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு, அவரோடவே நடக்கறேன். மொதல்ல உப்பளத்தைச் சுத்தித்தான் நடந்தோம்... நீ ரெண்டு கரண்டியா ஆக்கினதுலேர்ந்து, அதையும் தாண்டித் தேங்காத்திட்டு வரைக்கும் போயிட்டு வரோம்.