சமாதானம் சொல்லும் வரை

மேலக்கரை சகாயமாதா ஆலயத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் அருட்பணி ஆற்றி, இன்று ஓய்வு பெற்றுக் கும்பகோணம் புறப்படும் அருட்தந்தை சந்தியாகு அடிகளாருக்குப் பங்கு மக்கள் படைக்கும் மடல்

அன்பின் அகலே! அருளின் அருவியே! பண்பின் பெட்டகமே! படித்தவர்க்கும் பாமரர்க்கும் பாகுபாடின்றிப் பக்கத்துணையாய் நின்ற பங்குத் தந்தையே! பொறுமையின் பெருமலையே என்றும் அடுத்து எழுதியிருந்தோம். இத்தனை காலம் பொறுமையாக இருந்தது யார் என்று யோசித்துப் பார்த்து, அதை அடித்துவிட்டோம்.

பெரம்பலூர் தனி மாவட்டமான அதே ஆண்டில், ஒரு தகரப் பெட்டியோடு இந்தப் பங்குக்கு வந்தீர்கள். மழையில் மண்சுவர் இடிந்த வீட்டு வாசலில் முதல் ஆளாய் வந்து நின்றவர் தாங்கள். எந்தத் தெருச் சாவானாலும் கல்லறை வரை நடந்தே வந்தவர் தாங்கள். வேப்பந்தட்டைப் பக்கம் சாகக் கிடந்த ஒருவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க, நின்றுபோன எம்80 வண்டியைச் சேற்றில் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தவரும் தாங்களே. இவற்றையெல்லாம் பத்தி பத்தியாகப் புகழ்ந்து எழுதலாம். எழுதினால் தாங்கள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவீர்கள். ஆகவே பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் உயிரை வாங்கிய ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறோம்.

பூசையில் நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்னால், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் இது அரை நிமிட வேலை. நம் ஊரில் அப்படியா நடந்தது? ஊருக்குள் யாராவது இருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் போதும், தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பீடத்தின் மேல் வைப்பீர்கள். கைகளைக் கட்டிக்கொண்டு மேலே கூரையைப் பார்ப்பீர்கள். யார் பெயரையும் சொல்ல மாட்டீர்கள், யாரையும் கடிந்துகொள்ளவும் மாட்டீர்கள். அந்த இருவரும் இடத்தை விட்டு எழுந்து வந்து ஒருவருக்கொருவர் கைகூப்பும் வரை பூசை ஓர் அங்குலம் நகராது. ஆர்மோனியத்தில் வைத்த விரலை எடுக்கவும் முடியாமல் அழுத்தவும் முடியாமல் பாடகர் குழு பட்ட பாடு கொஞ்சமா? எட்டு மணிப் பெரம்பலூர் பஸ்ஸைத் தவறவிட்டு வேலைக்கும் பரீட்சைக்கும் திண்டாடியவர்கள் இங்கே பாதிப்பேர் இருக்கிறார்கள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் அழகேசன் செட்டிகுளத்து முருகனைக் கும்பிடுகிறவர். அவரே கடைசியில் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, “சாமி இன்னைக்கு யாருக்காக நிப்பாட்டி வச்சிருக்காரு?” என்று விசாரித்துவிட்டு டீ குடிக்கப் போகப் பழகிவிட்டார்.

சம்பந்திகள் அருளப்பனையும் எஸ்தாக்கியையும் மறக்க முடியுமா? பிள்ளைகளின் கல்யாணக் காரில் முன் சீட்டில் யார் உட்காருவது என்று மூண்ட சண்டை, பேரன் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகும் தீரவில்லை. பிரித்த அரியலூரை அரசாங்கமே பெரம்பலூரோடு மறுபடி சேர்த்துவைத்த ஆண்டு அது. இரண்டு மாவட்டங்கள் சேர்ந்துவிட்டன, இரண்டு சம்பந்திகள் சேரவில்லை. அந்த ஆண்டுத் திருவிழாப் பூசையில் தாங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். வீட்டுக்கு வீடு விருந்தாளி, அடுப்பில் கறி, கோயிலுக்குள் புழுக்கம். குழந்தைகள் அழுதன. பெரியவர்கள் பல்லைக் கடித்தார்கள். கடைசியில் எஸ்தாக்கி வேண்டாவெறுப்பாக எழுந்து போய் வாய்க்குள்ளேயே எதையோ முனகினார், அருளப்பனும் முனகினார். அப்பாடா என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள், “எனக்குக் கேக்கலையே” என்றீர்கள். மறுபடி சொன்னார்கள். இன்று அந்த இருவரும்தான் தங்கள் விருந்துக்குச் சேர்ந்து சமைக்கிறார்கள். உப்பு போதுமா என்று காலையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே சமைக்கிறார்கள்.

எங்கள் பாடாவது பரவாயில்லை. இந்த மடலை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் உபதேசியார் சவரிமுத்து, கோயில் காரியங்களில் தங்களோடு அன்றாடம் பாடுபட்டவர். தம்மைப் பற்றி எழுதியதைத் தாமே வாசிக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு ஒரே கூச்சம். அவர் மகள் கல்யாணத்தன்றும் தாங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். இந்த நல்ல நாளில் எந்தப் புண்ணியவான் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று சவரிமுத்துவும் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெகுநேரம் கழித்துத்தான் அது தமக்காக என்று உறைத்தது. காலையில் சேலை விஷயமாக மனைவி பவுலினோடு அவருக்குச் சின்ன உரசல். சாம்பிராணியைக் கீழே வைத்துவிட்டு, சம்பந்தி வீட்டார் பார்க்க, வீடியோக்காரர் படம் பிடிக்க, பெண்கள் பக்கம் போய்க் கட்டிய மனைவியைக் கைகூப்பிக் கும்பிட்டார். அன்றைக்கு வந்த கோபம் அவருக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் அந்த வீடியோவைப் போட்டால் பவுலின் அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தச் சவரிமுத்துதான் போன மாதம் தங்கள் பிரிவு விழாவுக்குச் சொந்தபந்தங்களை அழைக்க உடையார்பாளையம் பக்கம் போனார். தங்களுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார் என்பதே அங்கு போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பெயர் சின்னப்பன். முந்திரிக் காட்டு ஓரம் சிறிய வீடு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அண்ணனும் தம்பியும் பேசுவதில்லையாம். கேட்டதும் சவரிமுத்துவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்ச் சண்டைக்கெல்லாம் பூசையை நிறுத்திய மனிதர், தம் வீட்டுச் சண்டையை மூட்டை கட்டி வைத்துக்கொண்டா பீடத்தில் நின்றார்? மகள் கல்யாணத்தில் என்னைக் கும்பிட வைத்தாரே என்று வழியெல்லாம் பொருமினார்.

நடந்தது தங்களுக்குத் தெரியும், எங்களுக்கு இப்போதுதான் தெரியும். தங்கள் தாயார் இறந்தபோது தாங்கள் கொள்ளிடக் கரையில் ஒரு பங்கில் இருந்தீர்கள். தந்தி தாமதமாகக் கிடைத்து, பஸ் மாறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்க முடியவில்லையா என்று கல்லறை வாசலில் அண்ணனைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பினீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எங்கள் எல்லோரையும் மணிக்கணக்காகக் காக்க வைத்தவர், அண்ணன் பதில் சொல்லும் வரை காத்திருக்கவில்லை.

அந்தப் பதிலைச் சவரிமுத்து வாங்கி வந்திருக்கிறார். சின்னப்பன் முதலில் அழைப்பிதழைத் தொடவே இல்லை. “அவன் கூப்புட்டானா, நீங்களா வந்திருக்கீங்களா? நான் வந்து, அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னா, இந்த வயசுல அதையும் நான் பாக்கணுமா?” என்றாராம். பிறகு அவரே சொன்னாராம்: “கத்திரி வெயிலு. அம்மாவ வச்சிருக்க முடியல, ஊரே சத்தம் போடுது. அப்பவும் தம்பி வந்துருவான், தம்பி வந்துருவான்னு ரெண்டு தடவ பொட்டிய மூட வுடாம நிப்பாட்டுனேன். அத ஒரு நாளும் அவன் என்னக் கேக்கல.”

தந்தையே, பூசையை நிறுத்தும் பழக்கத்தைத் தாங்கள்தான் தொடங்கினீர்கள் என்று நினைத்திருந்தோம். தங்களுக்கு முன்னாலேயே ஒருவர், தங்களுக்காகவே, கொளுத்தும் வெயிலில் நிறுத்தியிருக்கிறார்.

மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், தோளில் துண்டோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பவர் அவர்தான். அரியலூர் வந்து பஸ் மாறி, காலையிலேயே வந்துவிட்டார். பூசை முடிந்த கையோடு இதையும் சேர்த்து எழுதுகிறோம்: பூசை முழுக்க அவர் பக்கம் தங்கள் கண் போகவே இல்லை. போகாமல் பார்த்துக்கொண்டீர்களோ என்னவோ. இன்று மாலை தாங்கள் கும்பகோணம் போய்விட்டால், இந்த வயதில் இனி யார் யாரைத் தேடி வரப் போகிறீர்கள்? தங்கள் மேல் எங்களுக்கு இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இப்படி ஒரு பாரத்தோடு தங்களை வழியனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

வழக்கப்படி இனி வாழ்த்துப் பத்தி வர வேண்டும். நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க என்று அழகாக எழுதி வைத்திருக்கிறோம். அது இப்போது வாசிக்கப்படாது. அடுப்படியிலிருந்து வந்து மடலின் கண்ணாடிச் சட்டத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கும் அருளப்பனும் எஸ்தாக்கியும் அதைத் தங்கள் கையில் தரப்போவதும் இல்லை. வெளியே அழகேசன் பஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார். இந்த வரியோடு சவரிமுத்து தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைப்பார். நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்ப்போம்.

இங்ஙனம்,
கைகட்டிக் காத்திருக்கும்
மேலக்கரைப் பங்கு மக்கள்
மே 2007