விழக் கற்றுத்தந்த எங்கள் ஜூடோ அக்காவுக்கு

வாசல் காத்த வீரத்தின் வடிவே! கோபத்தைக் கட்டி ஆண்ட குணக்குன்றே! ஆஸ்பத்திரியின் அத்தனை தாழ்வாரங்களிலும் அதட்டாமல் அமைதி நாட்டிய ஆற்றலே! பாதுகாப்புப் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் ஜூடோ அக்காவே! வணக்கம்.

மடல் என்றால் 'தாங்கள்' என்றுதான் எழுத வேண்டுமாம். கணக்குப் பிரிவிலிருந்து இலவச ஆலோசனை வந்தது. எங்கள் வாயில் அது வராது அக்கா. நீங்கள் என்றே எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சலவைத் துணி அடைத்துக்கிடந்த பின்னறையைக் கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டு வாங்கி, பிசியோதெரபிக்காரர்கள் கழித்துப்போட்ட நீல மெத்தைகளைக் கிழிசல் தைத்து விரித்து, பணி முடிந்த மாலைகளில் எங்களுக்கு ஜூடோ சொல்லித்தந்தீர்கள். நாங்களோ நாலு பேரைத் தூக்கி அடிக்கும் ஆசையில் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தவர்கள். எங்களை மாதக்கணக்கில் விழ மட்டுமே வைத்தீர்கள். முதுகு பழுத்ததே தவிர ஒரு பிடிகூடக் கைக்கு வரவில்லை. முணுமுணுத்தபோது, "விழுந்தா எப்படி வலிக்கும்னு முதல்ல உங்களுக்குத் தெரியட்டும். அப்புறம் அடுத்தவங்க மேல கை வைக்கலாம்" என்றீர்கள்.

பிறகு சட்டம் போட்டீர்கள். "யார் விழவெச்சாங்களோ அவங்கதான் கை குடுத்துத் தூக்கணும். தூக்கிட்டுக் குனிஞ்சு வணக்கம் சொல்லணும்." ஜப்பானியர் கலையின் அந்த வணக்கம் எங்கள் உடம்பில் அப்படி ஊறிவிட்டது. விடுப்புக்காக முட்டிக்கொண்டவர்கள்கூடக் கடைசியில் எதிரெதிரே குனிந்தோம். துப்புரவுப் பிரிவு அக்காமார் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்தால் என்ன! எங்கள் பிரிவில் கைகலப்பு என்ற பேச்சே ஒழிந்தது.

அந்தப் பழக்கம்தான் ஒருநாள் வினையாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், தகப்பனைப் பார்த்தே தீருவேன் என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளிய ஒருவரை, நாம் ஒல்லி என்று கூப்பிடும் நம் காவலர் இடுப்பில் ஏற்றி அழகாக வீசிவிட்டார். தலை அடிபடாமல் சட்டைக் கையை விடாது பிடித்திருந்தார். அதோடு நின்றாரா? கூட்டமே பார்த்திருக்க, கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, குனிந்து ஒரு வணக்கமும் போட்டார். நக்கல் செய்கிறான் என்று அந்த மனிதர் கொதித்ததில் என்ன தப்பு?

ஒல்லியின் வேலை போக இருந்தது. விசாரணை அறைக்குள் தனியாகப் போனீர்கள். "எப்படி வீசணும்னு சொல்லிக்கொடுத்தேன். எங்க வீசக்கூடாதுன்னு சொல்லிக்கொடுக்கல. தப்பு என்னோடது" என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தீர்கள். எங்களுக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒல்லியின் வேலை தப்பியது. கைக்கு எட்டியிருந்த தலைமை மேற்பார்வையாளர் பதவி உங்களை விட்டுப் போயிற்று. வெளியிலிருந்து வந்து அந்த நாற்காலியில் அமர்ந்தவருக்கும் முகம் கோணாமல் விழக் கற்றுத்தந்தீர்கள். ஒல்லியை அந்த மனிதரிடம் அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தீர்கள். அவரது தகப்பன் வீடு திரும்பும் வரை ஒல்லிதான் சக்கர நாற்காலி தள்ளினார்.

குணம் என்றால் என்னவென்று அன்று கண்ணால் கண்டோம். ஆனாலும் மனம் ஆறவில்லை அக்கா. அந்த நாற்காலியில் உங்களைப் பார்க்கும் கொடுப்பினை எங்களுக்கு இல்லாமல் போயிற்று. இனி பார்க்கவும் முடியாது. விருந்தும் மாலையும் எங்கள் வருத்தத்தைத் தீர்க்கப்போவதில்லை.

வலி விலகி, வயது நீண்டு, வாய்விட்டுச் சிரித்து வாழுங்கள்! வாரம் ஒருமுறையாவது வந்து எங்களை விழவையுங்கள்!

இதை வாசித்து முடித்ததும் பின்னறைக்குப் போவோம். மெத்தையில் மண்டியிட்டு ஒருவரையொருவர் வணங்குவோம். முழங்கால் தேய்ந்ததிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படுகிறீர்கள்; யார் கை நீட்டினாலும், "நான் என்ன தோத்தா போயிட்டேன்?" என்று தட்டிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுவீர்கள். இன்று ஒல்லி கை நீட்டுவார். உங்களை விழவைத்தவர் அவர். தூக்க வேண்டியவரும் அவரே. நீங்கள் போட்ட சட்டம், அக்கா. இந்த ஒருமுறை அந்தக் கையைப் பிடித்து எழுந்துகொள்ளுங்கள்.

என்றும் உங்கள் மெத்தையில்,
பாதுகாப்புப் பிரிவின் பகல், இரவுப் பணியாளர்கள்
வாசிப்பவர்: ஒல்லி