கிளி பத்தடி தள்ளி உட்கார்ந்தது

காலையில் நடப்பது உடம்புக்கு நல்லது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் நல்லது. நான் செய்த விளையாட்டு நூற்றுச் சொச்சம் பேரை நடக்க வைத்தது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், அய்யா. மற்றது பிறகு.

கொள்ளிடத்தில் இறந்துபோன சக்ரபாணி அவர்களின் வழக்கை விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டதாகப் படித்தேன். உங்கள் மேல் தவறில்லை. அவர் ஏன் அந்த நேரத்தில் ஆற்றுக்குள் போனார் என்று சொல்ல உங்களுக்கு ஆள் இல்லை. எனக்குத் தெரியும். என் பெயர் வளவன், வயது இருபத்து மூன்று, வீடு எடமலைப்பட்டி புதூர். பகலில் ஒரு பைக் சர்வீஸ் கடையில் பில் போடுகிறேன். மாலையில் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு மாடியில் மொபைல் கேம் செய்யச் சொல்லித்தரும் வகுப்புக்குப் போகிறேன்.

வகுப்பு நடத்தும் சவரிநாதன் சார் இரண்டு விஷயங்களைக் கட்டாயமாக்கியிருந்தார். ஆளுக்கொரு கேம் வெளியிட்டு, அதில் வரும் விளம்பரத்தால் சம்பாதித்துக் காட்ட வேண்டும். அதோடு டைரி எழுத வேண்டும். கேமில் ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான் செய்யலாம். என்ன மாற்றினோம், மறுநாள் என்ன நடந்தது என்று டைரியில் இருக்க வேண்டும்.

"உப்பையும் புளியையும் ஒண்ணாக் கொட்டிட்டு, குழம்பு ஏன் கெட்டுச்சுன்னா எவனுக்குடா தெரியும்?" என்பார். "ஒண்ணை மாத்து. ஒரு நாள் பொறு. அப்புறம் அடுத்தது."

எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. டைரி இருந்தால் நான் நம்பத் தேவையில்லை.

என் கேம் எளிமையானது. ஸ்ரீரங்கத்தின் வரைபடத்தில் எங்காவது ஒரு பச்சைக்கிளி உட்கார்ந்திருக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு நிஜமாகவே நடந்து போக வேண்டும். பக்கத்தில் போனதும் ஒரு விளம்பரம் ஓடும். அது முடிந்தால் கிளி கையில் வந்து உட்கார்ந்து உங்கள் பெயரைச் சொல்லும். விளையாடுகிறவர்கள் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்பது என் லேப்டாப்பில் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரியும்.

முதல் இரண்டு மாதம் ஒரு டீக்கும் வடைக்கும் ஆகிற அளவுகூட வரவில்லை. பக்கத்து இருக்கை ஷரபுன்னிசா என்னை விடமாட்டாள். "வளவா, உன் கேமை உங்க அம்மாவே டிலீட் பண்ணிட்டாங்களாமே? போன்ல இடம் பத்தலன்னு?" அது உண்மைதான். அதனால் நானும் சிரித்தேன்.

மூன்றாவது மாதம் சக்ரபாணி வந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபது வயது. வந்த நாளில் இருந்து ஒரு நாளும் தவறவில்லை. காலை ஐந்தரைக்குப் புள்ளி கிளம்பும். ஐந்து நட்சத்திரம் போட்டு, சர்க்கரை இறங்கிவிட்டது, செய்தவருக்கு ஆசீர்வாதம் என்று எழுதியிருந்தார். அதை நான் டைரியில் ஒட்டி வைத்தேன்.

ஒரு நாள் அவரைப் பார்க்கவே போனேன். உத்திர வீதியில் வேட்டியும் கான்வாஸ் ஷூவுமாக, போனை ஆரத்தித் தட்டு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி கமலவல்லி அம்மாள்.

"போறும் வாங்கோ. காபி பாலாடை கட்டிண்டு கிடக்கு. ஊர்ல எல்லாரும் பெருமாளைத் தேடிண்டு வரா, நீங்க கிளியைத் தேடிண்டு அலையறேள்."

"பெருமாள் ஓரிடத்துல சயனிச்சுண்டிருக்கார்டி. இந்தப் படவா தினம் இடம் மாத்தறான். யார் பண்றானோ தெரியல, நாளைக்கு எங்கே வைப்பான்னு நேக்குத் தூக்கமே வரதில்லே."

நான் மூன்றடி தூரத்தில் நின்று கேட்டேன். நான் செய்த ஒன்றுக்காக ஒருவர் தூங்காமல் இருக்கிறார் என்பதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் சந்தேகம் வந்துவிட்டது. அவர் நடைக்காக வருகிறாரா, கிளிக்காக வருகிறாரா? நடைக்காக என்றால் என் கேமுக்கு அதில் பங்கில்லை. டாக்டர் சொன்னதைத்தான் அவர் செய்கிறார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. நல்ல நடைக்கு உதவாத இடத்தில் கிளியை வைக்க வேண்டும்.

கோடையில் கொள்ளிடம் வெறும் மணல். வடகரையோரம் ஒல்லியாகத் தண்ணீர் ஓடும், அவ்வளவுதான். கிளியைத் தென்கரையில் வைத்தேன். மறுநாள் பத்தடி உள்ளே. அதற்கு மறுநாள் இன்னும் பத்தடி. மற்றவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு வாரத்தில் கேமை விட்டும் போய்விட்டார்கள். சக்ரபாணி மட்டும் போனார். நாணலைத் தாண்டினார், சேற்றைத் தாண்டினார். ஷூ கெட்டுவிட்டது என்று விமர்சனத்தில் செல்லமாகத் திட்டினார். ஆனி முடிவதற்குள் கிளி நடு ஆற்றில் ஒரு மணல் திட்டில் உட்கார்ந்திருந்தது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அது எனக்குத் தெரியும். வரைபடத்தில் நிழலாகத் தெரியும்.

அவர் ஒருவரால் எனக்கு வந்தது மாதம் நாற்பது ரூபாய் இருக்கும். காசுக்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தவறு.

ஆடி பிறந்தது. ஒரு மாலை, திருவானைக்காவல் பக்கம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ போனது. முக்கொம்பில் இருந்து உபரி நீர் திறக்கப்படுகிறது, கொள்ளிடத்தில் யாரும் இறங்க வேண்டாம் என்று சொன்னார்கள். வகுப்புக்கு வந்ததும் ஷரபுன்னிசா அதையே சொன்னாள்.

"உன் கிளி அங்கதானே உக்காந்திருக்கு? எடுத்துடு வளவா. அந்தத் தாத்தா போய்த் தொலைஞ்சிடப் போறாரு."

"இன்னிக்கு மாத்தம் பண்ணியாச்சு," என்றேன். "விளம்பரத்தை முப்பது விநாடி ஆக்கிட்டேன். ரெண்டாவது பண்ணக் கூடாது."

"லூசாடா நீ?"

"நாளைக்கு எடுத்துடறேன்."

டைரியிலும் அப்படித்தான் இருக்கிறது. மாலை ஐந்து மணி, விளம்பரம் முப்பது விநாடி. கிளியை எடுத்தால் இரண்டு மாற்றம் ஆகிவிடும், மறுநாள் கணக்கு எதையும் சொல்லாது. யாராவது கேட்டால் காட்டலாம் என்று அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் விடியற்காலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தரைக்குப் புள்ளி கிளம்பியது. கரைக்கு வந்து நான்கு நிமிடம் நின்றது. திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். திரும்பினால் மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு பள்ளத்தில் இறங்கியது. அப்போது தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்திருக்கும். திட்டில் ஏறி, கிளிக்குப் பக்கத்தில் போய் நின்றது. விளம்பரம் ஓடத் தொடங்கியது. விளையாடுகிறவர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பும் வசதி என்னிடம் உண்டு. திரும்பிப் போங்கள் என்று இரண்டே சொல் போதும். நான் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் முப்பதையும் பார்த்து முடித்தார்.

திரும்பி வரும்போது புள்ளி பள்ளத்தில் சிறிது நேரம் அசையவில்லை. பிறகு கிழக்கே போனது. அறுபது வயதுக்காரர் நடக்கிற வேகம் எனக்குத் தெரியும், மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது அதைவிட வேகம். ஓடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கொள்ளிடமும் கிழக்கேதான் ஓடுகிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பாலத்துக்கு அப்பால் புள்ளி அணைந்தது.

கிளிக்காகத்தான் வருகிறார் என்று அன்று டைரியில் எழுதினேன்.

ஒன்றைத் திருத்த வேண்டும், அய்யா. விளம்பரத்தை முப்பது விநாடி ஆக்கியது அதற்கு முந்தைய நாள். ஒலிபெருக்கி போன அன்று நான் எந்த மாற்றமும் செய்திருக்கவில்லை. ஷரபுன்னிசா எடுத்துவிடச் சொன்ன பிறகு, அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோதுதான் அன்றைய மாற்றத்தைச் செய்தேன். திட்டின் கரைப்பக்கம் இருந்த கிளியைப் பத்தடி தள்ளி மறுபக்கம் வைத்தேன். டைரியில் ஐந்து மணி, விளம்பரம் என்று பிறகுதான் எழுதினேன்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. அவர் இறந்த பதினோராம் நாள் காலை ஐந்தரைக்கு அவர் பெயரில் புள்ளி மறுபடி கிளம்பியது. நான் எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டேன். மறுநாளும் கிளம்பியது. அதற்கு மறுநாளும். நான்காம் நாள் கரைக்குப் போய்ப் பார்த்தேன். கமலவல்லி அம்மாள். கணவரின் கடவுச்சொல் நாள்காட்டியில் எழுதியிருந்ததாம், தன் போனில் போட்டிருந்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றார்.

"ஏன்ப்பா, இது கொஞ்சம் பாரேன். கிளி எங்கே காட்டறது? கடைசியா அவர் எங்கே நின்னார்னு தெரிஞ்சா போறும் நேக்கு."

நான் போனை வாங்கிப் பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இன்னும் உள்ளே காட்டுதும்மா."

அவர் தலையாட்டினார். ஒரு அடி முன்னால் வைத்தார். அதன் பிறகு தினமும் ஒரு அடி வைக்கிறார். இன்று தண்ணீர் கிட்டத்தட்ட இடுப்பு வரை வந்துவிட்டது. மேட்டூரில் இன்னும் திறப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். ஒரு வயதான பெண்மணி தனியாக ஆற்றில் இறங்குவதை யாரும் தடுக்காமல் இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. நாளை ஐந்தரைக்குள் ஒரு காவலரையாவது கரைக்கு அனுப்பிவையுங்கள். கிளி அந்தத் திட்டில்தான் இருக்கிறது, இன்றைய மாற்றத்தை நான் வேறொன்றில் செய்துவிட்டேன்.